மலையகத்தில் கைவிடப்பட்ட ஒரு வீதித் துண்டின் வரலாற்றைத் தேடித் தொகுப்பது எப்படி

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் ஏ1 வீதியில், கடுகண்ணாவை ஏற்றத்தில், குடைந்த பாறை ஒன்று இருக்கிறது. இன்றைய வீதி அந்தப் பாறைக்கு வெளிப்பக்கமாக அகலமாய்ப் போகிறது. பாறைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் சின்னத் துண்டுதான் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், போட்ட பழைய வீதி. அந்த வேலையை முன்னின்று நடத்திய கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக எழுப்பிய கோபுரம் அந்த ஏற்றத்தின் மேலே இன்றும் நிற்கிறது. ஆனால் மலையகத்தில் விடுபட்டுப் போன வீதித் துண்டுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கோபுரமும் இல்லை, பலகையும் இல்லை. அரை மைல், ஒரு மைல், மிஞ்சினால் மூன்று மைல் நீளத்தில் தேயிலைக்குள்ளும் மானாப் புல்லுக்குள்ளும் நீர்த்தேக்கத்துக்கு அடியிலும் கிடக்கின்றன. அப்படி ஒன்றை எடுத்து, ஆதாரத்தோடு அதன் வரலாற்றை எழுத நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

“இந்த ரோட்டை எப்போது போட்டார்கள்?” என்ற கேள்வியோடு தொடங்கினால் வேலை சீக்கிரம் முட்டி நின்றுவிடும். “இந்த ரோட்டுக்கு யார் காசு கொடுத்தார்கள், எப்போது நிறுத்தினார்கள்?” என்று கேளுங்கள். காசு கைமாறிய இடத்தில்தான் காகிதம் பிறந்திருக்கும். வீதி அரசாங்கத்தின் பட்டியலிலிருந்து மாகாணத்துக்கும், அங்கிருந்து பிரதேச சபைக்கும், கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாமலும் இறங்கிய ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒரு கடிதமோ அறிவித்தலோ கிடைக்கும். கீழே சொல்லும் எல்லாமே அந்தக் காசின் தடத்தைப் பிடித்துப் போகும் வழிகள்தான்.

எப்படி விடுபட்டது என்று முதலில் தீர்மானியுங்கள்

கைவிடப்பட்ட வீதி என்று பொதுவாகச் சொல்வதில் நான்கு வேறு வேறு கதைகள் இருக்கின்றன. எது உங்களுடையது என்பதைப் பொறுத்துத் தேட வேண்டிய அலுவலகம் மாறும்.

முதலாவது, முடக்கை நிமிர்த்தியதாலோ சுரங்கம் வெட்டியதாலோ ஒதுங்கிய துண்டு. கடுகண்ணாவை அப்படிப்பட்டது. பேராதனையிலிருந்து நுவரெலியா ஊடாகப் பதுளைப் பக்கம் போகும் ஏ5இல், இறம்பொடைச் சுரங்கம் வந்தபின் மலையைச் சுற்றிய பழைய வளைவு ஒதுங்கியதும் இதே வகை. இரண்டாவது, நீரில் மூழ்கியது. 1960களின் கடைசியில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரமும் அதன் தெருக்களும் அடியில் போயின. 1980களின் நடுவில் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் பழைய தெல்தெனிய போயிற்று. மூன்றாவது, மண்சரிவில் அறுந்து திரும்பக் கட்டப்படாதது. நான்காவது, தரம் இறக்கப்பட்டது. ரோடு அதே இடத்தில் இருக்கும், இலக்கம் மட்டும் போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த நான்காவது வகைதான் தேடுவதற்குச் சிரமம். எழுதுவதற்குப் பெறுமதியும் அதற்கே அதிகம்.

நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கம் வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு 2 அடி 6 அங்குல அகலத்தில் ஒரு சின்ன ரயில்பாதை ஓடியது. 1903இலும் 1904இலும் கட்டங்களாகத் திறக்கப்பட்டு 1940களில் கைவிடப்பட்டது. தண்டவாளம் போனபின் அதன் தடம் பார்வைக்குப் பழைய வீதி போலவே இருக்கும். ரயில்தடம் திடீர் முடக்குப் போடாது, வளைவாகத்தான் திரும்பும், ஏற்றமும் பெரும்பாலும் சீராக இருக்கும். வீதி என்று நினைத்து ரயில்தடத்தின் வரலாற்றை எழுதிவிடாதீர்கள்.

வகை தெரிந்ததும் தொடக்கத்தையும் முடிவையும் ஆள்கூறுகளாகக் குறித்துக்கொள்ளுங்கள். “கோயிலடியிலிருந்து பழைய ஸ்டோர் வரை” என்பது ஊருக்குள் போதும். கோயில் இடம்மாறும், ஸ்டோரை உடைத்துவிடுவார்கள்.

வரைபடம்

நில அளவைத் திணைக்களத்தின் தலைமையகம் கொழும்பு நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. மாவட்ட அலுவலகங்களும் உண்டு. அங்கே போய் “பழைய மெப் வேண்டும்” என்று கேட்காமல் அளவுத்திட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற பழைய வரைபடம் (1:63,360) தொடக்கத்துக்கு நல்லது. வீதி எந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் போனது, எந்தத் தரத்தில் வரையப்பட்டது என்று சொல்லும். அதற்கு மேல் அதை நம்பாதீர்கள். அதில் அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள கோடு தரையில் ஏறக்குறைய 32 மீற்றர் அகலம். பாறைக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்று அந்தக் கோடு சொல்லாது. நுணுக்கத்துக்கு 16 சங்கிலிக்கு ஓர் அங்குலம் (1:12,672), கிராமப் படங்களில் 4 சங்கிலிக்கு ஓர் அங்குலம் (1:3,168) என்பவற்றைக் கேட்க வேண்டும். ஒரு சங்கிலி 66 அடி, அதாவது 20.12 மீற்றர், 80 சங்கிலி ஒரு மைல். பழைய நில அளவைப் படங்களில் காணி அளவு ஏக்கர், ரூட், பேர்ச்சஸ் என்று இருக்கும். 40 பேர்ச்சஸ் ஒரு ரூட், 4 ரூட் ஓர் ஏக்கர்.

நீர்த்தேக்கத்தில் மூழ்கிய வீதி என்றால் 1956இல் எடுத்த வான்படங்களைத் தேடுங்கள். பெரிய அணைகள் வருவதற்கு முந்திய மலையகம் அவற்றில் இருக்கிறது.

வரைபடத்தைக் கைப்பேசியில் படம் பிடித்தால் ஓரங்கள் வளையும். தட்டையான ஸ்கேனரில் அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் எடுத்து, கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் இன்றைய நிலத்தோடு பொருத்துங்கள். எட்டிலிருந்து பத்துக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள், அதாவது பழைய படத்திலும் இன்றைய நிலத்திலும் ஒரே இடமென அடையாளம் காணக்கூடிய புள்ளிகள், வேண்டும். ஆற்றுச் சந்திகள், ரயில் சுரங்க வாய்கள், பழைய இரும்புப் பாலங்கள், மலையுச்சி அளவைத் தூண்கள் ஆகியவை நம்பகமானவை. நகரச் சந்தி, தோட்டத்து பங்களா, சந்தைத் திடல் மூன்றும் இடம்மாறக்கூடியவை, அவற்றைத் தவிர்க்கவும். புள்ளிகள் எல்லாவற்றையும் ஒரே பள்ளத்தாக்கில் வரிசையாக வைத்தால் படம் ஒரு பக்கமாகச் சரியும்.

இங்கே பலர் தடுக்கி விழுகிற இடம் ஆள்கூற்று முறை. இலங்கையில் இரண்டு கட்டங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. மென்பொருளில் அவற்றை ஈபிஎஸ்ஜி (EPSG) என்ற குறியீட்டு இலக்கத்தால் தேர்ந்தெடுக்கலாம். பழையது கண்டவளை அடிப்படை (ஈபிஎஸ்ஜி 5234), அதில் கட்டத்தின் மையப் புள்ளிக்குக் கொடுத்த தொடக்க எண்கள் 200,000. புதியது 1999ஆம் ஆண்டுக் கட்டம் (ஈபிஎஸ்ஜி 5235), அதில் 500,000. உங்கள் வீதி நுவரெலியாவுக்குப் பதிலாகக் கடலில் போய் விழுந்தால் இந்த இரண்டும் மாறிவிட்டன என்று அர்த்தம்.

காகிதம்

கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் காப்பகம்தான் முதன்மையான இடம். அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டிய வரிசையை எங்கள் அனுபவத்தில் இப்படிச் சொல்வோம்: முதலில் பழைய வர்த்தமானி, பிறகு திணைக்களங்களின் வருடாந்த நிர்வாக அறிக்கைகள், கடைசியில் தோட்டங்களின் விபரங்களைத் தொகுத்த பழைய ஃபேர்குசன் டிரெக்டரி.

வர்த்தமானியை முன்னே வைக்கக் காரணம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் வீதிச் சட்டங்களின் கீழ் மாகாண வீதிக் குழுக்களும் மாவட்ட வீதிக் குழுக்களும் இயங்கின. தோட்டங்களுக்குப் போகும் கிளை வீதிகளின் செலவில் ஒரு பங்கை அரசாங்கமும் மறு பங்கைத் தோட்டங்களும் ஏற்றன. தோட்டங்களின் பங்கை ஏக்கர் கணக்கில் பிரித்து அறவிட்டார்கள். அந்தப் பிரிப்பை வர்த்தமானியில் அறிவித்தலாகப் போட்டார்கள். வீதியின் பெயர், முதலாம் பகுதி, இரண்டாம் பகுதி என்று அதன் கூறுகள், ஒவ்வொரு பகுதியையும் பாவித்த தோட்டங்கள், உரிமையாளர், ஏக்கர், கட்ட வேண்டிய தொகை எல்லாம் ஒரே அட்டவணையில் வரும். ஒரு சின்ன ரோட்டின் வாழ்க்கை முழுவதும் அந்த அட்டவணைகளில் இருக்கிறது. வருடத்துக்கு வருடம் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு தோட்டம் பட்டியலிலிருந்து மறைந்தால் அது பக்கத்துத் தோட்டத்தோடு சேர்ந்திருக்கலாம், அல்லது வேறு வழியாகக் கொழுந்து அனுப்பத் தொடங்கியிருக்கலாம். ஒரு பகுதியே மறைந்தால் அரசாங்கம் அதை முழுதாகப் பொறுப்பேற்றதா, அடியோடு விட்டதா என்று அதே வருட நிர்வாக அறிக்கையில் பார்க்க வேண்டும்.

ஆங்கிலப் பதிவுகளில் ஊர்ப் பெயர்களை இன்றைய எழுத்தில் தேடினால் கிடைக்காது. இறம்பொடை அங்கே ரம்பொட்டே என்றும், நுவரெலியா நியூவெரா எல்லியா என்றும், திம்புள்ள டிம்பூலா என்றும் இருக்கும். தோட்டங்களுக்கோ ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் சனம் வைத்த பெயர் இன்னொன்று. வேலையைத் தொடங்கும் முன்பே இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய பட்டியல் ஒன்றை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத் தயாரித்துக்கொள்ளுங்கள். டிரெக்டரியில் தோட்டத்தின் ஏக்கரும் பயிரும் இருக்கும். 1869இல் கோப்பி இலைநோய் தொடங்கி 1880களில் கோப்பி முடிந்தபின் எந்தத் தோட்டம் தேயிலைக்கு மாறியது, எது காடாகிப் போனது என்பதை அதில் பிடிக்கலாம். கோப்பிக்காக வெட்டிய பல ரோடுகள் அந்தப் பத்து வருடத்தில்தான் அநாதையாகின.

ரயிலின் திகதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: கண்டி 1867, நாவலப்பிட்டி 1874, நானுஓயா 1885, அப்புத்தளை 1893, பண்டாரவளை 1894, பதுளை 1924. ரயில் நிலையம் திறந்ததும் கரத்தைகள் திசை மாறும். அதுவரை கம்பளைப் பக்கம் இறங்கிய ரோடு ஒன்று திடீரெனச் செலவுப் பட்டியலில் சுருங்கினால், காரணத்தை இந்த வருடங்களில் தேடுங்கள்.

சுதந்திரத்துக்குப் பிந்திய காலத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) உதவும். ஏ, பி தர வீதிகளுக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபை, சி, டி தரத்துக்கு மாகாண வீதித் திணைக்களம், அதற்குக் கீழே பிரதேச சபை. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். “இந்த வீதியின் வரலாற்றைத் தருக” என்று எழுதினால் “தகவல் இல்லை” என்று ஒரு வரியில் பதில் வரும். வைத்திருக்கும் ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: வீதிப் பதிவேட்டில் இந்த இலக்கத்துக்குரிய பக்கத்தின் பிரதி, வீதியைக் கையளித்த அல்லது பொறுப்பேற்ற கடிதத்தின் பிரதி, கடைசியாகப் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கிய வருடம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்த அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

தோட்டத்துக்குள் இருக்கும் துண்டுகளுக்குச் சிக்கல் அதிகம். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அலுவலகக் கோப்புகள் தொலைந்தன. பிரதேச சபைகளோ, 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை, தோட்டக் குடியிருப்புகளுக்குத் தாராளமாகப் பணம் செலவிட முடியாமல் சட்டத்தால் கட்டுப்பட்டிருந்தன. ஆகவே அரசாங்கப் பட்டியலிலிருந்து விழுந்து தோட்ட எல்லைக்குள் கிடந்த ரோட்டை யாரும் தொடவில்லை. உங்கள் ரோடு பாழானது எந்தப் புயலாலும் மழையாலும் இல்லாமல், இந்த இடைவெளியில் விழுந்ததால் மட்டுமே இருக்கலாம். லயத்தில் பிரசவ வலி வந்தவர்களை அந்த ரோட்டில் தூக்கிக்கொண்டு நடந்த சனத்துக்கு இது வெறும் நிர்வாகச் செய்தி இல்லை. வருடத்தோடும் கடித இலக்கத்தோடும் அதை எழுதிவையுங்கள்.

தரையில்

மேற்குச் சரிவுகளுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். இராகலை, ஊவாப் பக்கத்துக்கு வடகீழ்ப் பருவமழை ஓயும்வரை பொறுக்கவும். மூழ்கிய வீதிகள் வெளியே தெரிவது நீர்மட்டம் இறங்கும் வறட்சி மாதங்களில்தான்; சேறு மேலே காய்ந்து உள்ளே குழைந்திருக்கும் என்பதால் கரையிலிருந்தே படம் எடுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மண்சரிவு எச்சரிக்கையின் முதல் படி வரும். அன்று வெட்டுச் சரிவுக்கு அடியில் நிற்கக் கூடாது. குளவிக் கூட்டைத் தோட்டத்தில் மலைக்குப் போகிறவர்களிடம் முன்கூட்டியே விசாரியுங்கள். அட்டைக்குச் சவர்க்காரம் போதும்.

கொண்டுபோக வேண்டியவை: 30 மீற்றர் நாடா, 10 மீற்றர் தெளிந்த பிளாஸ்டிக் குழாய், சென்ரிமீற்றர் குறித்த இரண்டு தடிகள், பென்சில், 10 சென்ரிமீற்றருக்கு ஒரு நிறம் பூசிய அளவுகோல். படம் எடுக்கும்போதெல்லாம் அளவுகோல் உள்ளே இருக்க வேண்டும்.

குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனையையும் தடிகளில் பிடித்தால் சரிவு தெரியும். 10 மீற்றருக்கு 1 மீற்றர் ஏறினால் 1க்கு 10. மாட்டுக் கரத்தை சுமையோடு ஏறிய ரோடு அவ்வளவு செங்குத்தாக நெடுந்தூரம் போயிருக்க வாய்ப்புக் குறைவு. அப்படியிருந்தால் நீங்கள் நிற்பது பின்னாளில் வந்த குறுக்குப் பாதையில். குழாயில் காற்றுக்குமிழ் நின்றால் கணக்குப் பிழைக்கும். குழாயைத் தட்டி வெளியேற்றிவிட்டு அளவெடுங்கள்.

ரோட்டுக்கு அடியால் தண்ணீர் குறுக்கே போகக் கட்டிய மதகுகள்தான் மிகச் சிறந்த சாட்சி. ரோட்டின் மேற்பரப்பை எத்தனையோ தடவை மாற்றியிருப்பார்கள், மதகை உடையும்வரை தொடமாட்டார்கள். தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போடுங்கள். தூரம், வாயின் அகலம், உயரம், கட்டிய பொருள், தண்ணீர் வெளியேறும் பக்கம் என எல்லாம் எழுதவும். கருங்கல் பலகை போட்டு மூடியதா, செங்கல் வளைவா, கொங்கிரீட்டுக் குழாயா? ஹியூம் பைப் என்று நம் ஆட்கள் சொல்லும் குழாய் 1910இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே அது போட்ட மதகு, அந்த வடிவில், கோப்பிக் காலத்தது ஆகாது. கல் இடுக்கில் உள்ள சாந்தைப் பேனைக்கத்தியால் மெதுவாகச் சுரண்டுங்கள். சுண்ணாம்புச் சாந்து வெளுப்பாக மாவாக உதிரும், சீமெந்து சாம்பல் நிறத்தில் கத்தியை வழுக்கும். இரண்டும் ஒரே மதகில் இருந்தால் பிற்காலத்தில் திருத்தியிருக்கிறார்கள். இருபக்கமும் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். மேல்பக்கம் பழைய கல்லாகவும் கீழ்பக்கம் அகட்டிய கொங்கிரீட்டாகவும் இருப்பது சாதாரணம்.

பாறை வெட்டில் அரைக்குழாய் போன்ற தடங்கள் தெரிந்தால் அவை வெடிமருந்து வைத்த குழிகள். கையால் அடித்த குழி குட்டையாக, வட்டம் சற்றுக் கோணலாக இருக்கும். இயந்திரக் குழி நீளமாக, நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். கடுகண்ணாவையில் கிடைக்கிற பெருமை கிடைக்காத எத்தனையோ பாறைகளில், சம்மட்டியும் உளியுமாக நின்றவர்களின் வேலை இந்தத் தடங்களில் மட்டும்தான் மிச்சமிருக்கிறது. அளவுகோல் வைத்துக் கிட்டத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று என்று படம் எடுங்கள்.

மைல் கல்லைக் கண்டால் இலக்கத்தை மட்டும் குறிக்காமல் எந்த ஊரிலிருந்து எண்ணியது என்று பாருங்கள். பிரதான வீதிகளில் கொழும்பிலிருந்தும் கிளை வீதிகளில் சந்தியிலிருந்தும் எண்ணியிருக்கலாம். பிடுங்கிக் கொண்டுபோய் வாசற்படி ஆக்கிய கல்லும் உண்டு. கல் நிற்கும் இடத்தையும் வரைபடத்தில் அதன் இடத்தையும் ஒப்பிடாமல் ஆதாரமாக எடுக்காதீர்கள்.

எதையும் தோண்ட வேண்டாம், பெயர்த்தெடுக்கவும் வேண்டாம். தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் பொதுவான பாதுகாப்பு 1815 மார்ச் 2க்கு முந்திய சின்னங்களுக்கானது. பிரித்தானியர் காலத்து மதகும் பாலமும் தனியாக வர்த்தமானியில் பிரகடனம் செய்தால்தான் பாதுகாப்புப் பெறும். உங்கள் பதிவு முழுமையாக இருந்தால் அந்தக் கோரிக்கைக்கு அதுவே ஆதாரமாகும்.

ஆட்களிடம் கேட்பது

வயதானவர்களிடம் வருடம் கேட்டால் மரியாதைக்காக ஏதோ ஒன்று சொல்வார்கள். நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேளுங்கள். “தாத்தா, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துல நம்மாளுக ஊருக்குப் போன காலத்துல இந்த ரோட்டுல லொறி வந்துச்சா?”, “தோட்டத்த அரசாங்கம் எடுத்ததுக்கு முன்னயா, பின்னயா பாலம் விழுந்துச்சு?” 1957 வெள்ளம், 1958இல் பஸ் சேவை அரசுடைமையானது, 1983 ஜூலை, 1992இல் கம்பனி வந்தது ஆகியவையும் காலத்தைக் கட்டிப்போட நல்ல முளைகள். பஸ் எங்கே திரும்பியது என்ற கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருக்கும், அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

“பதினாறாம் கட்டை” (பதினாறாம் மைல் கல்) என்று யாராவது சொன்னால் எந்த ரோட்டின் கட்டை என்று உடனே கேளுங்கள். இரண்டு ரோடு சந்திக்கும் இடத்துக்கு இரண்டு கட்டை எண்கள் இருக்கும்.

பி.டபிள்யூ.டி. (பழைய பொது வேலைகள் திணைக்களம்) லயம் எங்கே இருந்தது, வேலையை மேற்பார்த்த ஓவசியர் எங்கே தங்கினார், கல் உடைத்த குடும்பங்கள் எவை என்று கட்டாயம் விசாரியுங்கள். அறிக்கைகளில் பொறியியலாளர் பெயர் இருக்கும், கல் உடைத்தவர் பெயர் இருக்காது. தோட்டமே திருத்திய துண்டு என்றால் பழைய செக்ரோலில் (தொழிலாளர் வரவுப் பதிவேட்டில்) ரோட்டு வேலைக்குப் போனவர்களின் பெயர் பதிந்திருக்கலாம். தோட்ட அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேட்டுப் பாருங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். கல் சுமந்தவர்களில் அவர்களும் உண்டு, ஆண்கள் பேசும் இடத்தில் அந்தப் பேச்சு வராது. பெயர்களை வெளியிடுமுன் குடும்பத்தின் சம்மதம் வேண்டும்.

எழுதும்போது

ஒவ்வொரு திகதிக்கும் ஒன்றையொன்று சாராத இரண்டு சாட்சிகள் வேண்டும். வர்த்தமானியும் அதைப் பார்த்து எழுதிய டிரெக்டரியும் இரண்டு சாட்சிகள் ஆகா. வர்த்தமானியும் மதகும் ஆகும். வரைபடத்தில் ரோடு முதலில் தோன்றும் வருடம் அதைப் போட்ட வருடம் இல்லை. அளவையாளர் வந்துபோன வருடத்துக்கு முன் ஏதோ ஒரு நாளில் அது இருந்தது என்பது மட்டும்தான் உறுதி. மறைந்த வருடத்துக்கும் இதே கணக்கு. ஆகவே “1890க்கும் 1902க்கும் இடையில்” என்பதுபோல் எல்லை போட்டு எழுதுங்கள்.

ஒற்றைச் சாட்சி மட்டும் உள்ளதைத் தனி நிறத்தில் குறித்து வையுங்கள், அடுத்தவர் அங்கிருந்து தொடரலாம். மைலையும் கிலோமீற்றரையும் ஒரே வசனத்தில் கலக்காதீர்கள். மூலத்தில் சங்கிலி என்று இருந்தால் சங்கிலியையே எழுதி, மீற்றரை அடுத்த நிரலில் போடவும்.

முடிந்ததும் ஆள்கூற்றுக் கோப்பு, படங்கள், நேர்காணல் ஒலிப்பதிவு, கட்டுரை நான்கையும் ஒரே உறையில் போட்டு மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்று அந்த ரோடு போகும் தோட்டத்துப் பாடசாலைக்கு, ஒன்று பிரதேச சபை நூலகத்துக்கு, ஒன்று உங்களிடம். பேனைச் சேமிப்பான் (பென் டிரைவ்) ஈரத்தில் சில வருடங்களில் கெட்டுவிடும். வரைபடத்தையும் மதகு அட்டவணையையும் கட்டாயம் காகிதத்திலும் அச்சிட்டு வையுங்கள்.